போர்ச் செய்திகளும் என் சொற்குறிப்பேடும்: ஓர் ஐயம்

பதிவு 1 | இரவுவாசகி

நான்கு மாதங்களாக ஒவ்வோர் இரவும் ஏறக்குறைய 40 நிமிடங்கள் பன்னாட்டுச் செய்தி நிறுவனங்களின் ஆங்கிலச் செய்திகளை வாசித்து, தெரியாத சொற்களைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். அன்றாட ஆங்கிலத்தில் எனக்குத் தடையில்லை. கட்டுரை எழுதும்போதும், கனமான விவாதம் ஒன்றைக் கேட்கும்போதும் தேவைப்படும் அடுத்த நிலைச் சொற்கள்தாம் கைவரவில்லை. அத்தகைய சொற்கள் போர், பஞ்சம், இடப்பெயர்வு பற்றிய செய்திகளில்தான் செறிந்து கிடக்கின்றன என்பதைச் சில வாரங்களிலேயே கண்டுகொண்டேன். ‘டையர்’, ‘ப்ளைட்’, ‘ஹாரோயிங்’, ‘எக்ஸாசர்பேட்’, ‘பிசீஜ்ட்’, ‘பிலீகர்ட்’, ‘எமேசியேட்டட்’ என்று இப்போது 300 சொற்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன.

சென்ற வாரம் சூடானில் முற்றுகைக்குள்ளான ஒரு நகரத்தைப் பற்றி வாசித்தேன். உணவு தீர்ந்துபோனதால், கடலையில் எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் சக்கையை, கால்நடைகளுக்குப் போடும் அதே தீவனத்தை, மக்கள் உண்கிறார்கள் என்று அதில் இருந்தது. அந்த வரியில் வந்த ‘ஃபாடர்’ என்ற சொல் எனக்குப் புதிது. அகராதியில் பார்த்து, ‘கால்நடைத் தீவனம்’ என்று எழுதி, அதனருகில் ‘கேனன் ஃபாடர்’ என்ற மரபுத்தொடரையும் சேர்த்துக்கொண்டேன். ஒரே தேடலில் இரண்டு கிடைத்த மகிழ்ச்சியில் குறிப்பேட்டை மூடியபோது, அந்த நகரத்தின் பெயர் எனக்கு நினைவில்லை. தேடிப் பார்க்கவும் தோன்றவில்லை. மறுநாள் காலையில்தான் இது உறுத்தத் தொடங்கியது.

எனக்கு இரண்டு கேள்விகள் உள்ளன. மொழி கற்கும் வழி என்ற அளவில் இது பயனுள்ளதா? பயனுள்ளதே ஆயினும், இப்படிச் செய்வது தகுமா?

பதிவு 2 | தேர்வுக்காலம்

பயனுள்ளதுதான். மேல்நிலைத் தேர்வுகளின் வாசிப்புப் பகுதியில் வருவன இத்தகைய சொற்களே. தகுமா என்ற கேள்வி எனக்குப் புரியவில்லை. நீங்கள் வாசிப்பதால் அங்கே எவருக்கும் துன்பம் கூடப்போவதில்லை. மனம் ஒப்பவில்லையென்றால் செய்தியை விட்டுவிட்டு, கல்விசார் சொற்பட்டியல் ஒன்றை எடுத்து மனப்பாடம் செய்யுங்கள். 570 சொற்குடும்பங்களில் (ஒரு வேர்ச்சொல்லும் அதன் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேலை முடிந்துவிடும்.

பதிவு 3 | மெய்ப்புநோக்கி

மேலே கூறப்பட்ட 570, மொழியியலாளர் ஏவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியல். அது ஆய்வுக்கட்டுரைகளும் பல்கலைக்கழகப் பாடநூல்களும் அடங்கிய கல்விசார் எழுத்துகளைக் கொண்டு தொகுக்கப்பட்டது. ஆய்வுக்கட்டுரையில் ‘ஆகவே’, ‘கருதுகோள்’, ‘அணுகுமுறை’ என்ற தளத்தில் இயங்கும் சொற்களைத் தரும். ‘ஹாரோயிங்’ போன்றவற்றை அதில் தேடக் கூடாது. சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் 2006இல் செய்த கணக்கீட்டின்படி, நாளிதழையோ நாவலையோ வேறு துணையின்றி வாசிக்க, அதாவது அதிலுள்ள சொற்களில் 98 விழுக்காட்டை அறிந்திருக்க, 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் வேண்டும். அன்றாடப் பேச்சுக்கு வேண்டியவற்றையும் கல்விசார் பட்டியலையும் கற்று முடித்தவருக்கும் அந்த எண்ணிக்கைக்கும் இடையில் பெரிய வெளி மீந்திருக்கும். இரவுவாசகி உலவுவது அந்த வெளியில்தான். ஆகவே முதல் கேள்விக்கு என் விடை ஆம் என்பதே.

ஆனால் சொல்லுக்கு எதிரே ஒரு தமிழ்ச் சொல்லை மட்டும் எழுதுவீர்களாயின், அந்த 300இல் பாதி பிழையாகவே பதிந்திருக்கும். ‘பிசீஜ்ட்’, ‘பிலீகர்ட்’ இரண்டையும் ‘முற்றுகையிடப்பட்ட’ என்றே எழுதியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இன்றைய செய்தி ஆங்கிலத்தில் முதற்சொல் நகரத்துக்கு உரியது; இரண்டாவது பெரும்பாலும் பதவி ஆட்டங்காணும் அமைச்சருக்கோ நட்டத்தில் தத்தளிக்கும் நிறுவனத்துக்கோ வரும். ‘டையர்’ என்பதை ‘மிக மோசமான’ என்று எழுதினால் ‘டையர் உணவு’, ‘டையர் சாலை’ என்றெல்லாம் எழுதத் தோன்றும். செய்தியிலோ அச்சொல் எச்சரிக்கை, தேவை, விளைவு, நிலைமை என்று ஒரு சிறு வட்டத்துக்குள்தான் பெரிதும் பழகுகிறது. ‘ப்ரண்ட்’ என்ற சொல் இன்னும் விந்தையானது: தாக்கத்தின் முழுச்சுமையை ஒருவர் தாங்குவதாகச் சொல்லும் ஒரே தொடரில் ஏறக்குறைய அடைபட்டுக் கிடக்கிறது. அதைத் தனியே கற்பதில் பயனே இல்லை.

தமிழில் ‘போர்நிறுத்தம்’ என்று ஒரே சொல்லால் நாம் கடந்துவிடும் இடத்தில் ஆங்கிலம் மூன்றாகப் பிரிக்கிறது. ‘சீஸ்ஃபயர்’ என்றால் சுடுவது நிற்கிறது. அது சில மணி நேரத்துக்காகவும் இருக்கலாம். ‘ட்ரூஸ்’ என்பதில் இரு தரப்பும் ஒத்துக்கொண்ட தற்காலிக ஓய்வு என்ற சாயல் உண்டு. ‘ஆர்மிஸ்டிஸ்’ என்பது படைகள் கையொப்பமிடும் முறையான உடன்படிக்கை. கொரியாவில் 1953 ஜூலை 27 அன்று கையெழுத்தானது இந்த மூன்றாவது வகை. அமைதி ஒப்பந்தம் இன்றளவும் ஏற்படவில்லை என்பதால்தான், அந்தப் போர் சட்டப்படி முடியவில்லை என்று இன்றும் எழுதுகிறார்கள். இவற்றோடு வரும் வினைகளையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்: போர்நிறுத்தத்தை மூன்றாம் தரப்பு ‘ப்ரோக்கர்’ செய்கிறது, அது ‘ஹோல்ட்’ ஆகிறது அல்லது ‘பிரீச்’ செய்யப்படுகிறது.

பதிவு 4 | முன்னாள்செய்தியறை

மெய்ப்புநோக்கி சொன்னதோடு என் தலையில் விழுந்த ஒரு குட்டையும் சேர்த்துக்கொள்கிறேன். செய்தியறையில் மொழிபெயர்ப்பாளனாக இருந்த தொடக்க நாள்களில், ‘40 கேஷுவல்டீஸ்’ என்று வந்த வரியை ‘40 பேர் பலி’ என்று தலைப்பிட்டு அனுப்பிவிட்டேன். இறந்தவர்கள் 6 பேர். மற்ற அனைவரும் காயமுற்றவர்கள். படைத்துறை வழக்கில் அச்சொல் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர், பிடிபட்டோர் என்று படையின் பலத்திலிருந்து கழிந்துபோன அனைவரையும் உள்ளடக்கும். இறந்தோரை மட்டும் குறிக்க ‘ஃபேட்டாலிட்டீஸ்’ என்றோ ‘டெத் டோல்’ என்றோ வரும்.

‘பலி’ என்று எழுதினேன் அல்லவா, அச்சொல்லையும் ஒரு கணம் பாருங்கள். படையல், காணிக்கை என்ற பொருளிலிருந்து வந்த சொல் அது. குண்டு விழுந்து இறந்தவர் எந்தத் தெய்வத்துக்கும் படைக்கப்படவில்லை. நாமும் கூசாமல் நாள்தோறும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

போர்ச் செய்தியில் கற்க வேண்டியது அருஞ்சொற்களைவிட எளிய சொற்களின் தேர்வே என்பது என் எண்ணம். ‘ஐந்து பேர் இறந்தனர்’, ‘ஐந்து பேர் கொல்லப்பட்டனர்’, ‘இன்ன படை ஐந்து பேரைக் கொன்றது’ ஆகிய மூன்றும் ஒரே நிகழ்வைச் சொல்லலாம். முதல் வாக்கியத்தில் கொலையே இல்லை. இரண்டாவதில் கொலை உண்டு, கொன்றவர் இல்லை. அதேபோல் ‘செட்’ என்று எழுதினால் செய்தியாளர் ஒதுங்கி நிற்கிறார். ‘க்ளெய்ம்ட்’ என்று எழுதினால் தமக்கு ஐயம் உண்டு என்று கண்ணைக் காட்டுகிறார். ‘அட்மிட்டெட்’ என்றாலோ குற்றம் நடந்ததென்றே அவர் முடிவுசெய்துவிட்டார். ‘டெரரிஸ்ட்’ என்ற சொல்லை, இன்னார் இவ்வாறு அழைத்தனர் என்று சுட்டாமல் தம் குரலில் பயன்படுத்துவதைத் தவிர்க்கும்படி பிபிசியின் ஆசிரியர் நெறிமுறை சொல்வதும் இக்காரணத்தால்தான்.

1962 அக்டோபரில் கியூபாவைச் சுற்றி அமெரிக்கக் கடற்படை கப்பல்களை மறித்தபோது, கென்னடி அதைக் ‘குவாரண்டைன்’ என்று அழைத்தார். ‘ப்ளாக்கேட்’ என்ற சொல்லைப் பயன்படுத்தியிருந்தால், பன்னாட்டுச் சட்டத்தின் கண்ணில் அது போர்ச் செயலாகியிருக்கும். கடலில் நின்ற கப்பல்கள் அதே கப்பல்கள்தாம்.

பதிவு 5 | திருப்பிக்கேட்பவன்

எல்லோரும் முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டீர்கள். இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தகாது என்று சொல்லவில்லை, தேவையில்லை என்கிறேன். இதே நிலைச் சொற்கள் அறிவியல் செய்தியிலும் நீதிமன்றத் தீர்ப்பிலும் விளையாட்டு விமர்சனத்திலும் உண்டு. ‘எக்ஸாசர்பேட்’ (மேலும் மோசமாக்குதல்) என்ற வினையைக் கற்க ஒருவரின் பட்டினி வேண்டியதில்லை. ஆஸ்துமாவைப் பற்றிய கட்டுரை போதும். மேலும், போர்ச் செய்தியையே உண்டு வளரும் சொல்வளம் ஒருபக்கமாக வீங்கிவிடும். குண்டுவீச்சைச் சொல்லப் பத்துச் சொற்கள் தெரிந்த ஒருவர், கிழிந்த சட்டையைத் தைப்பதற்கும் ஒழுகும் குழாயைச் சரிசெய்வதற்கும் உரிய ஆங்கிலச் சொல் தெரியாமல் நிற்பதை நான் நேரில் கண்டிருக்கிறேன். (அந்த ஒருவர் நான்தான்.)

இரவில் உறங்கும் முன் 40 நிமிடங்கள் இதை வாசிப்பதில் இன்னொரு விளைவும் உண்டு. மனம் தன்னைக் காத்துக்கொள்ள மரத்துப்போகிறது. நகரத்தின் பெயர் நினைவில் நிற்காமல் போனது இதயமின்மையால் அன்று என்று நினைக்கிறேன். சொல்லைப் பிடித்துக்கொண்டால் வரியிலிருந்து தப்பிவிடலாம்.

பதிவு 6 | கூடாரவரிசை

நான் பெரும்பாலும் இங்கே வாசிப்பதோடு சரி. இந்த இழையில் எழுத வேண்டும் என்று தோன்றியது.

என் சிறுவயதில் சில ஆண்டுகள் முகாமில் கழிந்தன. எந்த நாடு, எந்தப் போர் என்பதை விட்டுவிடுகிறேன். என் ஆங்கிலம் பள்ளியில் தொடங்கவில்லை. எங்களுக்குக் கொடுக்கப்பட்ட படிவங்களில் தொடங்கியது. ‘டிஸ்ப்ளேஸ்ட்’, ‘ரேஷன்’, ‘டிபெண்டன்ட்’, ‘பெனிஃபிஷியரி’ ஆகியவை நான் முதலில் எழுத்துக்கூட்டி வாசித்த சொற்கள். கடைசிச் சொல்லை அகராதியில் பார்த்தால் ‘பயனாளி’ என்று இருக்கும். என்ன பயன் பெற்றோம் என்று என் தந்தை ஒவ்வொரு முறையும் கேட்பார்.

நீங்கள் குறிப்பேட்டில் ஒரே வரிசையில் எழுதக்கூடிய சில சொற்கள் எங்களுக்கு வெவ்வேறு வாழ்க்கைகளாக இருந்தன. ‘ரெஃப்யூஜி’ என்பது 1951ஆம் ஆண்டு ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை வரையறுத்த சொல். தன் நாட்டுக்கு வெளியே இருப்பவர், இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றன் பொருட்டு ஒடுக்குமுறைக்கு ஆளாகும் நியாயமான அச்சம் உடையவர் என்பது அதன் சாரம். 1967ஆம் ஆண்டு நெறிமுறை வரும்வரை அந்த வரையறை 1951 ஜனவரி 1க்கு முந்தைய நிகழ்வுகளோடு கட்டுண்டிருந்தது. தகுதி இன்னும் முடிவாகாமல் காத்திருப்பவர் ‘அசைலம் சீக்கர்’. எல்லையைத் தாண்டாமல் சொந்த நாட்டுக்குள்ளேயே ஓடியவர் ‘இன்டர்னலி டிஸ்ப்ளேஸ்ட்’, அவர்களுக்கென ஐ.நா.வில் 1998இல் வழிகாட்டு நெறிகள் வந்தன, ஆனால் அவை கட்டுப்படுத்தும் உடன்படிக்கை அல்ல. ஆற்றின் இக்கரையில் நின்றால் ஒரு சொல், அக்கரையில் ஏறினால் வேறு சொல். சொல் மாறினால் கிடைக்கும் அட்டையும் மாறும்.

எங்களைப் பற்றிய செய்தியை ஒருவர் ஆங்கிலம் கற்க வாசித்தார் என்பதில் எனக்கு வருத்தமில்லை. வாசிக்காமல் விடுவதைவிட அது மேல். சொல்லை மட்டும் கொத்திக்கொண்டு வரியை உதறிவிடுவதுதான் வலிக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: ‘ரெசிலியன்ட்’ (எதையும் தாங்கி மீண்டெழும்) என்ற சொல்லைப் பாராட்டு என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள். எங்களை அப்படி அழைத்த பிறகு, எங்களுக்கு எதுவும் தேவைப்படாது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

இரவுவாசகி மறந்த நகரம் எல் ஃபாஷெராக இருக்க வேண்டும். வடக்கு டார்ஃபூரின் தலைநகரம். 2024 மே மாதம் முதல், சூடான் இராணுவத்தை எதிர்த்துப் போரிடும் துரித ஆதரவுப் படை அதை முற்றுகையிட்டிருந்தது. 2025 அக்டோபர் இறுதியில் நகரம் வீழ்ந்தது. அந்தச் சக்கைக்கு அங்கே ‘அம்பாஸ்’ என்று பெயர். நமக்கு அகராதியே வேண்டாம்: புண்ணாக்கு.

பதிவு 7 | ஏட்டுச்சுவடி

ஒரு சிறு இடைக்குறிப்பு. கூடாரவரிசையின் பதிவை வாசித்தபின் ‘அகதி’ என்ற சொல்லைப் பார்த்தேன். கதியற்றவர் என்று அது நேரடியாகவே சொல்கிறது. ‘ஏதிலி’ என்ற மாற்றுச் சொல்லை நாம் விரும்பி ஏற்றோம். பழைய வழக்கில் ஏதிலார் என்றால் அயலார். ஆங்கிலச் சொல்லோ புகலிடத்தை உள்ளே வைத்திருக்கிறது. புராட்டஸ்தாந்துகளுக்கு வழிபாட்டுரிமை தந்த நான்ட் ஆணையை 1685இல் பதினான்காம் லூயி நீக்கியபின் பிரான்சிலிருந்து ஓடிய புராட்டஸ்தாந்துகளான ஹியூகனாட்டுகளைக் குறித்துத்தான் அது ஆங்கிலத்தில் பரவியது. ஒரு மொழி இல்லாததைச் சொல்கிறது, ஒரு மொழி தேடுவதைச் சொல்கிறது.

முற்றுகை பற்றியும் ஒன்று. நம் புறத்திணை மரபில் கோட்டையை வளைப்பவனுக்கு உழிஞை, உள்ளிருந்து காப்பவனுக்கு நொச்சி என்று வேறு வேறு பூ உண்டு. மதிலின் எந்தப் பக்கம் நின்று பேசுகிறோம் என்பதைத் திணையின் பெயரே சொல்லிவிடும். ‘சீஜ்’ என்ற ஒற்றைச் சொல்லில் அது தெரிவதில்லை.

பதிவு 8 | இரவுவாசகி

எல் ஃபாஷெர்தான். திரும்பச் சென்று பார்த்தேன். கூடாரவரிசைக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை; ‘புண்ணாக்கு’ என்ற சொல்லை வாசித்தபோதுதான் அந்தச் செய்தி எனக்கு முதன்முதலாகப் புரிந்தது. ‘கால்நடைத் தீவனம்’ என்று எழுதியபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. புண்ணாக்கின் மணமும் கடினமும் எனக்குத் தெரியும்.

குறிப்பேட்டை முதலிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கியிருக்கிறேன். அப்போது எழுந்த ஐயம் இது: ‘ஹங்கர்’, ‘மால்நியூட்ரிஷன்’, ‘ஸ்டார்வேஷன்’, ‘ஃபேமின்’ ஆகிய நான்கையும் பசி, பட்டினி, பஞ்சம் என்று மாற்றி மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். இவற்றை எப்படிப் பிரிப்பது?

பதிவு 9 | மெய்ப்புநோக்கி

நான்கில் ‘ஃபேமின்’ என்பதைச் செய்தியாளர்கள் விருப்பம்போல் எழுத முடியாது. எழுதினால் கேள்வி வரும். ஒருங்கிணைந்த உணவுப் பாதுகாப்பு நிலை வகைப்பாட்டில் ஐந்து படிகள் உள்ளன. ஐந்தாவது படியை ஒரு பகுதிக்கு அறிவிக்க மூன்று எல்லைகள் கடக்கப்பட வேண்டும்: குறைந்தது 20 விழுக்காடு குடும்பங்கள் கடும் உணவின்மையில் இருக்க வேண்டும், குழந்தைகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் கடும் ஊட்டக்குறைவுக்கு ஆளாகியிருக்க வேண்டும், நாளொன்றுக்கு 10,000 பேரில் 2 பேர், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளாயின் 10,000க்கு 4 பேர், பட்டினியாலோ பட்டினியும் நோயும் சேர்ந்தோ இறந்துகொண்டிருக்க வேண்டும். 2011இல் சோமாலியாவின் சில பகுதிகளுக்கும், 2017இல் தென் சூடானின் இரு மாவட்டங்களுக்கும் இவ்வாறு அறிவிக்கப்பட்டது. எல் ஃபாஷெரை அடுத்துள்ள சம்சம் முகாமில் பஞ்சம் நிலவுவதாக 2024 ஆகஸ்டில் உறுதிசெய்யப்பட்டது. ‘பஞ்சத்தின் விளிம்பில்’, ‘பஞ்சத்தை ஒத்த நிலை’ என்ற தொடர்கள் செய்திகளில் மாதக்கணக்கில் வருவதற்குக் காரணம் நடைநயம் அன்று. அளவிட ஆள் போக முடியாத இடத்தில் எண்களைத் திரட்ட இயலாமல், அந்தச் சொல்லை எழுத இயலாமல் நிற்கிறார்கள் என்று பொருள்.

‘ஹங்கர்’ எல்லாவற்றுக்கும் பொது. ‘மால்நியூட்ரிஷன்’ மருத்துவச் சொல், உடலில் அளக்கக்கூடியது. ‘ஸ்டார்வேஷன்’ என்பதன் வினையில்தான் சிக்கல் இருக்கிறது. ‘ஸ்டார்வ்’ என்பதற்குப் பழைய ஆங்கில மூலத்தில் வெறுமனே ‘இறத்தல்’ என்றே பொருள்; ஜெர்மன் மொழியின் ‘ஸ்டெர்பன்’ இன்றும் அப்படித்தான். இப்போது அது இருவகையாகவும் வரும்: மக்கள் பட்டினி கிடந்தார்கள் என்றும், மக்களைப் பட்டினி போட்டார்கள் என்றும். தமிழில் ‘கிடந்தார்கள்’, ‘போட்டார்கள்’ என்று துணைவினை காட்டிக்கொடுத்துவிடும்; ஆங்கிலத்தில் வாக்கிய அமைப்பைப் பார்த்துத்தான் கண்டுகொள்ள வேண்டும். ஜெனீவா உடன்படிக்கைகளுக்கான 1977ஆம் ஆண்டு முதலாம் கூடுதல் நெறிமுறையின் 54ஆம் பிரிவு, பொதுமக்களைப் பட்டினி போடுவதைப் போர்முறையாகக் கொள்வதைத் தடைசெய்கிறது. அங்கே வருவது இந்த இரண்டாம் பொருள்.

பதிவு 10 | தேர்வுக்காலம்

இவ்வளவும் தேர்வுக்கு வராது என்று எழுத வந்தேன். ‘கேஷுவல்டி’ பற்றி எனக்கே தெரிந்திருக்கவில்லை என்பதால் விட்டுவிடுகிறேன். ஒரு கேள்வி மட்டும்: ‘டெசிமேட்’ என்ற வினையைக் கட்டுரையில் ‘முற்றிலும் அழித்தல்’ என்ற பொருளில் எழுதலாமா? ஓரிடத்தில் பிழை என்று கண்டேன்.

பதிவு 11 | முன்னாள்செய்தியறை

கலகம் செய்த படைப்பிரிவில் பத்தில் ஒருவரைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்து கொன்ற உரோமானியத் தண்டனை அதன் வேர். அதனால் ‘பத்தில் ஒன்று’ என்றுதான் எழுத வேண்டும் என்று சிலர் வாதிடுவார்கள். இன்று ‘பெரும்பகுதியை அழித்தல்’ என்ற பொருளே வழக்கு, அப்படி எழுதலாம். ‘முற்றிலும்’ என்பதை மட்டும் சேர்க்காதீர்கள்.

துன்பத்திலிருந்து பிறந்து, பிறகு வெளுத்துப்போன சொற்கள் பல உண்டு. கட்டுரையை ஒப்படைக்கும் கடைசி நாளுக்கு நாம் சொல்லும் ‘டெட்லைன்’, அமெரிக்க உள்நாட்டுப் போரின் ஆண்டர்சன்வில் சிறையில் கைதிகள் தாண்டினால் சுடப்பட்ட கோடு.

பதிவு 12 | திருப்பிக்கேட்பவன்

இரவுவாசகி, முறையை மாற்றுவதானால் ஒன்று செய்யலாம். உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே காட்டியபடி, திரும்பப் பார்க்காதது விரைவில் மறந்துபோகும்; லைட்னர் 1972இல் சொன்ன அட்டைப்பெட்டி முறையில், தெரிந்த சொல்லை நீண்ட இடைவெளியிலும் தெரியாததைக் குறுகிய இடைவெளியிலும் திரும்ப எடுப்பார்கள். அந்த அட்டையின் முன்பக்கத்தில் சொல்லுக்குப் பதில் முழு வரியையும், ஊரையும், தேதியையும் எழுதுங்கள். சொல்லைத் திரும்பப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஊரையும் பார்க்க நேரும். போர்ச் செய்தியை வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்து, மற்ற நாள்களில் குழாயும் சட்டையும் பற்றி வாசியுங்கள்.

பதிவு 13 | இரவுவாசகி

முதல் அட்டையை எழுதிவிட்டேன். ஆங்கில வரி முன்பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கம் இது: ‘ஃபாடர். எல் ஃபாஷெர், வடக்கு டார்ஃபூர், முற்றுகைக் காலம். மக்கள் உண்டது அம்பாஸ். நம் சொல் புண்ணாக்கு. உணவு உள்ளே வராமல் தடுத்தவர் யார் என்று இந்த வரியில் இல்லை, மூன்றாம் பத்தியில் இருக்கிறது. பன்மை: ஃபாடர்ஸ். காண்க: கேனன் ஃபாடர்.’

பிழை இருந்தால் சொல்லுங்கள்.

பதிவு 14 | மெய்ப்புநோக்கி

பன்மையை அடித்துவிடுங்கள், தீவனம் என்ற பொருளில் அது எண்ணப்படாத பெயர்ச்சொல்லாகவே வழங்கும். ‘கேனன் ஃபாடர்’ பீரங்கிக்கு இரையாக அனுப்பப்படும் படைவீரர்களைக் குறிப்பது. அதை வேறு அட்டைக்கு மாற்றுங்கள். மூன்றாம் பத்தியைப் பற்றிய வரி அப்படியே இருக்கட்டும்.